ஒன்பது சிறு சொற்கள்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆங்கில இலக்கணத்தில் ஏதேனும் ஒரு பகுதியைப் பற்றிப் பேசும்படி செயலாளர் எம்மைக் கேட்டுக்கொண்டார். கால வாய்பாடுகளைப் பற்றிப் பேசலாமோ என்று முதலில் எண்ணினோம். ஆனால் அவற்றை இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்கள் எம்மைவிட நன்றாக ஒப்புவிப்பார்கள். பரீட்சைக்கு அது போதும். பரீட்சையும் முடிந்து, உத்தியோகத்துக்கு விண்ணப்பம் எழுதவும், கந்தோரிலிருந்து வந்த கடிதத்தை வீட்டாருக்குப் படித்துச் சொல்லவும், நொத்தாரிசு நீட்டுகின்ற பத்திரத்தின் கீழே கையெழுத்து வைக்கவும் நேரும்போது, வாய்பாடு முழுவதும் அறிந்தவரும் தடுமாறுகின்ற இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் நின்று நம்மைத் தடுக்கி விழுத்துபவை பெரிய பெரிய சொற்களல்ல. பெரிய சொல்லுக்கு அகராதி இருக்கிறது. அகராதியைப் பாராமலே ‘இது எமக்குத் தெரியுமே’ என்று நாம் தாண்டிச் செல்கின்ற சிறு சொற்களே அவை.

அவை ஒன்பது. கான், குட், மே, மைற், ஷல், ஷுட், வில், வுட், இவற்றுக்குச் சோடியில்லாமல் தனித்து நிற்கும் மஸ்ற். இவ்வொன்பதோடு ஓற், நீட், டெயர் என்று தூரத்து உறவினர் மூவரும் உண்டு. ஆங்கில இலக்கணகாரர் இவற்றை ‘மோடல்’ துணைவினை என்பர்.

இவை செய்யும் வேலை யாது? ‘ஹீ கேம்’ என்றால் அவன் வந்தான் என்பது. அது நடந்த செய்தி. ‘ஹீ மஸ்ற் ஹாவ் கம்’ என்றால், அவன் வந்ததை யாரும் பார்க்கவில்லை. படலை திறந்து கிடக்கிறது, சைக்கிள் சுவரோடு சாத்தியிருக்கிறது, ஆகவே வந்துவிட்டான் என்று பேசுபவர் துணிகிறார். செய்தியைச் சொல்வது வினை. அந்தச் செய்தியைப் பேசுபவர் எவ்வளவு நம்புகிறார், விரும்புகிறாரா, கட்டளையிடுகிறாரா, அனுமதிக்கிறாரா என்பதைச் சொல்வது துணைவினை. ஆகவே இச்சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டால் செய்தி சரியாக இருக்கும், மனிதர் மாறிப்போவார்.

இவற்றின் வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. படர்க்கை ஒருமைக்கு ‘எஸ்’ சேராது. இரண்டு துணைவினைகள் அடுத்தடுத்து வாரா. ஸ்கொத்லாந்திலும் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் பேச்சு வழக்கில் ‘மைற் குட்’ என்று இரண்டைச் சேர்த்துச் சொல்வாருண்டு. அது அவர்கள் வீட்டு வழக்கு, நாம் எழுதுவதற்கன்று. நம்மவர் வாயில் அடிக்கடி வருகின்ற ‘கான் ஏபிள் ரு’ என்பதோ எந்த வீட்டு வழக்குமல்ல. ‘கான்’ என்றாலே ‘முடியும்’ என்பதுதான். அதனோடு ‘ஏபிள் ரு’வையும் சேர்ப்பது ‘முடிய முடியும்’ என்பது போலாகும்.

இச்சொற்களின் பூர்வீகத்தைச் சிறிது பார்த்தால் இவை அந்நியமாகத் தோன்றா. பழைய ஆங்கிலத்தில் ‘கான்’ என்பதற்கு அறிதல் என்பது பொருள். ‘மே’ என்பதற்கு வலிமையுடைமை. ‘ஷல்’ என்பதற்குக் கடன்பட்டிருத்தல். ‘வில்’ என்பதற்கு விரும்புதல். அறிந்தவனால் செய்ய முடியும், கடன்பட்டவன் கொடுத்தேயாக வேண்டும், விரும்பியவன் செய்வான். இப்படித்தான் ஒவ்வொரு சொல்லும் தன் பழைய தொழிலை விட்டுத் துணைவினையாயிற்று. நம் தமிழும் இதையே செய்திருக்கிறது. ‘வேண்டு’ என்றால் விரும்பு. இன்று ‘போக வேண்டும்’ என்பதில் விருப்பம் எங்கே இருக்கிறது? போகப் பிரியமில்லாதவனும் ‘போக வேண்டும்’ என்று பெருமூச்சு விடுகிறான். ‘முடி’ என்றால் நிறைவேற்று, அதிலிருந்து ‘முடியும்’. ‘இயலும்’ என்பதை நம் ஊரிலே ‘ஏலும்’ என்கிறோம். ‘ஏலாது’ என்ற ஒரு சொல்லாலே சக்தியின்மை, மனமின்மை, காய்ச்சல் ஆகிய மூன்றையும் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்திலே ‘வில்’ என்னும் விருப்பம் எதிர்காலமாயிற்று. தமிழிலே ‘வேண்டும்’ என்னும் விருப்பம் கடமையாயிற்று. ‘குட்’ என்பதை எழுதும்போது நடுவில் ஒலிக்காத ஓர் ‘எல்’ இருக்கிறதே, அது அச்சொல்லுக்குப் பிறப்பிலே இருந்ததன்று. ‘வுட்’, ‘ஷுட்’ இரண்டிலும் இருக்கிறதைப் பார்த்துப் பிற்காலத்தார் இதற்கும் சேர்த்துவிட்டார்கள். எழுத்துக்கூட்டலில் தவறி அடி வாங்கியவர்களுக்கு இது சிறிது ஆறுதலாயிருக்கும்.

இனி எமது பேச்சின் நடுப்பகுதிக்கு வருகிறோம். இளைஞர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது கவனித்துக் கேட்க வேண்டும்.

‘காவற்காரன் கதவைப் பூட்டியிருக்க வேண்டும்.’ இந்தத் தமிழ் வாக்கியத்துக்கு என்ன பொருள்? ‘பூட்டித்தான் இருப்பான், எனக்குச் சந்தேகமில்லை’ என்பது ஒரு பொருள். ‘பூட்டுவது அவன் கடமை, ஆனால் பூட்டவில்லை’ என்பது இன்னொரு பொருள். ஒன்று அவனைக் காப்பாற்றுகிறது. மற்றது அவனை வேலையை விட்டு நீக்குகிறது. தமிழில் இரண்டுக்கும் வாக்கியம் ஒன்றுதான். பேசுபவரின் குரலையும் முகத்தையும் பார்த்து நாம் பொருளை அறிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் அப்படி விட முடியாது. முன்னையது ‘மஸ்ற் ஹாவ்’. பின்னையது ‘ஷுட் ஹாவ்’. இதே வாக்கியத்தை ஒரு சாட்சி நீதிமன்றத்திலே தமிழிற் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் நீதிபதிக்குச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் இல்லாத ஒரு தீர்மானத்தை அவர் அந்த நொடியிலே செய்தாக வேண்டியிருக்கிறது. ‘மஸ்ற்’ என்று சொன்னால் சாட்சி காவற்காரனுக்கு ஆதரவாகப் பேசினார். ‘ஷுட்’ என்று சொன்னால் குற்றஞ்சாட்டினார். நல்ல மொழிபெயர்ப்பாளர் இந்த இடத்தில் சாட்சியைத் திருப்பிக் கேட்பதற்கு அனுமதி கோருவார். அவசரக்காரர் வாயில் எது முந்துகிறதோ அதைச் சொல்வார். எழுத்திலே பதிந்து நிற்பது ஆங்கிலம்.

இத்தோடு முடியவில்லை. ‘யாழ்தேவி இவ்வளவுக்கும் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்’ என்கிறோம். இங்கே கடமையுமில்லை, உறுதியான துணிபுமில்லை. நேர அட்டவணைப்படி எதிர்பார்க்கிறோம். சேர்ந்ததோ இல்லையோ தெரியாது. இதற்கும் ஆங்கிலத்தில் ‘ஷுட் ஹாவ்’ வரும். ஆகவே ‘ஷுட் ஹாவ்’ என்பதைக் கண்டவுடன் ‘செய்யவில்லை’ என்று முடிவுகட்டிவிடலாகாது. பேசப்படுவது கடமையா, எதிர்பார்ப்பா என்று பார்க்க வேண்டும். இன்னுமொன்று: ‘பூட்ட வேண்டியிருந்தது’ என்று சொல்வோமானால் அதற்கு ‘மஸ்ற்’றும் உதவாது, ‘ஷுட்’டும் உதவாது, ‘ஹாட் ரு’ என்றே எழுத வேண்டும். அதில் கட்டாயம் இருந்தது, பெரும்பாலும் பூட்டியுமாயிற்று. ‘மஸ்ற்’ என்பதற்கு ஏன் இறந்தகாலம் இல்லையென்று மாணவர் கேட்பதுண்டு. அதுவே ஒரு காலத்தில் இறந்தகால வடிவம். தாய் இறந்து பிள்ளை தாயின் இடத்தில் இருக்கிறது. அதற்கு வேறு பிள்ளையில்லை.

‘மஸ்ற் ஹாவ்’ என்பதை எதிர்மறையாக்கும்போதும் ஒரு தடுக்கல் உண்டு. ‘பூட்டியிருக்க முடியாது, திறப்பு என்னிடம் அல்லவோ இருந்தது’ என்று சொல்ல ஆங்கிலேயர் ‘கான்ற் ஹாவ்’ அல்லது ‘குடன்ற் ஹாவ்’ என்பர். ‘மஸ்ற் நொற் ஹாவ்’ என்பது அமெரிக்கரிடையே பெருவழக்கு. இரண்டையும் இன்று ஏற்கலாம்.

வேண்டும் என்பதை விட்டு ‘லாம்’ என்பதற்கு வருவோம். ‘போகலாம்’ என்பது அனுமதியும் ஆகும், சாத்தியமும் ஆகும். ‘மே’ என்பதும் அப்படியே. இந்த ஒன்றில் இரண்டு மொழிகளும் கூடப் பிறந்தவை போலிருக்கின்றன. ஆனால் ‘வந்திருக்கலாம்’ என்னும்போது வழி பிரிகிறது. ‘வள்ளம் கவிழ்ந்திருக்கலாம்’ என்று ஒரு செய்தி வருகிறது. கடற்கரையிலே ஒரு தாய் காத்திருக்கிறாள். ‘மே ஹாவ்’ என்று எழுதியிருந்தால், கவிழ்ந்ததோ இல்லையோ இன்னும் தெரியவில்லை. அவளுடைய நெஞ்சு பதைக்கத்தான் வேண்டும். ‘மைற் ஹாவ்’ என்று எழுதியிருந்தால் அதே பொருளும் இருக்கலாம். அன்றிக் ‘கவிழ்ந்திருக்கக்கூடிய ஆபத்து நேர்ந்தது, தெய்வாதீனமாகக் கவிழவில்லை’ என்றும் இருக்கலாம். வள்ளம் கரைசேர்ந்த பிறகு எழுதும்போது ‘மைற் ஹாவ்’ அல்லது ‘குட் ஹாவ்’ என்றே எழுத வேண்டுமென்பது கவனமாக எழுதுவோர் கொள்கை. இக்காலத்து ஆங்கிலப் பத்திரிகைகள் அவ்விடத்திலும் ‘மே ஹாவ்’ என்று எழுதிவிடுகின்றன. அவர்கள் எழுதுவதால் அது வழக்காகிவிடும் போலும். ஆனாலும் உயிர்ச்சேதம், நோய், வழக்கு ஆகியவற்றைப் பற்றி எழுதும்போது பழைய வேறுபாட்டைக் காப்பதே நன்று என்பது எமது கட்சி.

‘வேண்டாம்’ என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. ‘நாளைக்கு வர வேண்டாம்’ என்று ஒருவர் சொன்னால், வருவதைத் தடுக்கிறாரா, அல்லது ‘ஏன் வீணாய்ச் சிரமப்படுகிறீர்’ என்று இரக்கப்படுகிறாரா? தமிழ் இரண்டுக்கும் இடங்கொடுக்கிறது. ஆங்கிலத்தில் முன்னையது ‘மஸ்ற் நொற்’, பின்னையது ‘நீட் நொற்’. மருந்துச் சீட்டிலே இதைக் கவனிக்க வேண்டும். ‘பாலோடு உட்கொள்ள மஸ்ற் நொற்’ என்றால் உட்கொள்ளவே கூடாது. ‘பாலோடு உட்கொள்ள நீட் நொற்’ என்றால் பாலில்லாமலும் உட்கொள்ளலாம். பாலோடு உட்கொண்டாலும் பழுதில்லை. வீட்டிலே கிழவிக்கு இதைப் படித்துச் சொல்கின்ற பேரன் இரண்டையும் ‘பாலோடு வேண்டாமாம்’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவான். ‘கூடாது’, ‘தேவையில்லை’ என்று நமக்கும் இரண்டு நல்ல சொற்கள் இருக்கின்றன. அவற்றை வழங்கினால் ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே தெளியும்.

இந்த ‘நீட்’டுக்கு இறந்தகாலத்தில் இன்னும் ஒரு நுட்பம். ‘நீடன்ற் ஹாவ் கம்’ என்றால் தேவையில்லாமல் வந்துவிட்டார், வந்தது வீண். ‘டிட் நொற் நீட் ரு கம்’ என்றால் வரத் தேவை இருக்கவில்லை; பெரும்பாலும் வரவுமில்லை. விருந்தினருக்கு எழுதுகின்ற கடிதத்தில் முன்னையதை யோசித்து எழுதுங்கள். ‘நீர் வந்திருக்கவே தேவையில்லை’ என்பது எந்த மொழியிலும் இருமுனைக் கத்தி.

‘குட்’ என்பதை இறந்தகாலத்திற் பயன்படுத்துவதில் நம் பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள். ‘குட்’ இறந்தகாலத்தில் ஒருவருக்கு இருந்த பொதுவான ஆற்றலைச் சொல்லும். ஒரு தடவை, ஒரு நாளில், முயன்று சாதித்ததைச் சொல்லாது. தொண்டைமானாற்று முருகுப்பிள்ளை நவரத்தினசாமி 1954 இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார் என்பதை இங்குள்ள முதியோர் அறிவர். அவர் நன்றாக நீந்த வல்லவர் என்பதற்கு ‘ஹீ குட் சுவிம்’ என்பது சரி. அந்த ஆண்டிலே அவர் நீரிணையைக் கடந்தார் என்பதற்கு ‘குட்’ போடுவது சரியன்று. ‘வொஸ் ஏபிள் ரு’ அல்லது ‘மனேஜ்ட் ரு’ என்று எழுத வேண்டும். எதிர்மறையில் இந்தத் தடையில்லை. கடக்க முடியாமற் போனவருக்குக் ‘குட் நொற்’ என்றே எழுதலாம். ஆற்றல் இருந்தும் முயலாமல் இருந்துவிட்டவருக்கு ‘குட் ஹாவ்’. கடந்திருக்கலாம், கடக்கவில்லை.

இவ்வளவு நேரமும் வேறுபாடுகளையே சொன்னோம். ஒற்றுமையும் உண்டு. காலையிலே அவசரமாகப் புறப்படும்போது மோட்டார் சைக்கிள் இயங்காவிட்டால் நாம் என்ன சொல்கிறோம்? ‘ஸ்ராட் ஆக மாட்டேன் என்கிறது’ என்கிறோம். இயந்திரத்துக்கு மனமிருப்பது போலவும் அது பிடிவாதம் பிடிப்பது போலவும் பேசுகிறோம். ஆங்கிலேயரும் ‘இற் வோன்ற் ஸ்ராட்’ என்கிறார்கள். ‘வில்’ என்பது விருப்பம் என்றோமே, அந்தப் பழைய விருப்பம் அதனுள் இன்னும் உயிரோடிருக்கிறது. பாட்டனார் வெள்ளிக்கிழமை தோறும் விடியற்காலையில் கோயிலுக்குப் போவார் என்று, இறந்துபோன பாட்டனாரைப் பற்றி எதிர்கால வினையிலே சொல்கிறோம். ஆங்கிலத்திலும் அதற்கு ‘வுட்’ வரும். பாட்டனாரைப் பற்றிய வாக்கியத்தைத் தமிழ்ப் பிள்ளை தயங்காமல் மொழிபெயர்க்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. போதல், வருதல், பாடுதல் போன்ற தொழிலுக்கே இந்த ‘வுட்’ பொருந்தும். ‘இந்த இடத்தில் முன்பு ஒரு குளம் இருந்தது’ என்பதற்கு ‘வுட் பீ’ என்று எழுதலாகாது. நிலையைச் சொல்ல ‘யூஸ்ட் ரு’ என்பதே உரியது.

‘வாழ்க’, ‘வருக’ என்று நாம் சொல்கின்ற வியங்கோளுக்கும் ஆங்கிலத்தில் இடம் உண்டு. நன்னூலார் க, ய, ர் என்னும் ஈறுகளை வியங்கோளுக்கு ஓதினார். அவ்வினை எல்லாப் பால்களுக்கும் பொது. ஆங்கிலத்தில் இதற்கு ‘மே’ என்பதை வாக்கியத்தின் தலையில் வைத்தால் போதும். ‘மே யூ லிவ் லோங்’ என்பது வாழ்த்து. அதே ‘மே’ எழுவாய்க்குப் பின்னே போனால் ‘நீர் நெடுநாள் வாழவும் கூடும்’ என்று வைத்தியர் சொல்வது போலாகிவிடும். கலியாண வாழ்த்து எழுதுகிறவர்கள் சொல்லின் இடத்தைப் பார்த்து எழுதுக.

இனி ‘ஷல்’, ‘வில்’. இவற்றைப் பற்றி எழுதப்பட்ட அளவு வேறெந்தத் துணைவினையைப் பற்றியும் எழுதப்பட்டிருக்குமோ என்பது சந்தேகம். 1653 ஆம் ஆண்டில் ஜோன் வாலிஸ் என்ற கணித அறிஞர் இலத்தீன் மொழியிலே ஓர் ஆங்கில இலக்கணம் எழுதி வெளியிட்டார். தன்மையிடத்தில் வருங்காலத்தை வெறுமனே சொல்ல ‘ஷல்’, உறுதிமொழிக்கும் மிரட்டலுக்கும் ‘வில்’. முன்னிலை படர்க்கைகளில் இதற்கு நேர்மாறு என்ற விதி அவர் நூலிலே காணப்படுகிறது. அதன் பிறகு இருநூறு முந்நூறு ஆண்டுகள் பள்ளிக்கூடங்களில் இவ்விதியை ஓதினார்கள். தண்ணீரில் விழுந்த அந்நியன் ஒருவன் ‘ஐ வில் ட்றவுண், நோபொடி ஷல் சேவ் மீ’ என்று கத்தினானாம். கரையில் நின்ற இலக்கணப் பண்டிதர்கள், ‘நான் மூழ்கியே தீருவேன், ஒருவரும் என்னைக் காப்பாற்ற விடேன்’ என்று அவன் சொல்வதாகக் கொண்டு, அவன் விருப்பத்துக்குத் தடையாயிருக்க மனமின்றி நின்றார்களாம். ‘ஷல்’லும் ‘வில்’லும் இடம் மாறியிருந்தால் பிழைத்திருப்பான். இது பழைய வகுப்பறைக் கதை. பௌளர் சகோதரர்கள் 1906 இல் வெளியிட்ட ‘தி கிங்ஸ் இங்கிலிஷ்’ என்ற நூலில், தென் இங்கிலாந்திலே பிறந்தவர்களுக்கு இவ்வழக்கு இயல்பாக வரும், மற்றவர்களுக்குக் கற்றாலும் வருவது அரிது என்ற கருத்தை எழுதி, அப்படிச் சொன்ன பிறகும் பல பக்கங்களில் அதை விளக்க முயன்றார்கள். இன்று இந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. எல்லாவிடத்துக்கும் ‘வில்’ போதும். ‘போவோமா?’, ‘கதவைத் திறக்கட்டுமா?’ என்று கேட்கும்போது மாத்திரம் ‘ஷல்’ பேச்சில் எஞ்சி நிற்கிறது.

ஆனால் சட்டத்திலே ‘ஷல்’ இன்னும் சிங்காசனத்தில் இருக்கிறது. அங்கே அது எதிர்காலமன்று, கட்டளை. நம் நாட்டிலே இச்சொல்லின் பாரத்தை அறியாத வீடில்லை. 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் மிகச் சிறியது. சிங்களம் ஒன்றே அரசகரும மொழியாதல் வேண்டும் என்பதை அது ‘ஷல் பீ’ என்று விதித்தது. உடனடியாக மாற்றுவது நடைமுறைக்கு ஒவ்வாதென அமைச்சர் கருதுமிடத்து, 1960 டிசம்பர் 31க்கு முன் மாற்றம் நிறைவேறும் வரை, அதுகாறும் வழங்கிய மொழியைத் தொடர்ந்து வழங்கலாம் என்பதை ‘மே’ என்று எழுதியது. விதி ‘ஷல்’லில், சலுகை ‘மே’யில். ‘மே’யைக் கொடுப்பதும் மறுப்பதும் ஒருவர் கருத்தைப் பொறுத்தது. இந்த ஒரு வாக்கியத்தைப் படித்தவருக்கு இரண்டு துணைவினைகளின் வேறுபாட்டை வேறு உதாரணத்தால் விளக்க வேண்டியதில்லை. 1987 இல் பதின்மூன்றாவது திருத்தம் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 18 ஆம் உறுப்புரையை மாற்றியபோது, தமிழும் ஓர் அரசகரும மொழியாதல் வேண்டும், ஆங்கிலம் இணைப்பு மொழியாதல் வேண்டும் என்பனவும் அதே ‘ஷல்’லினால் எழுதப்பட்டன.

இவ்விடத்தில் ஒரு சிக்கலைக் கவனியுங்கள். நம் சட்டங்களின் தமிழ் வாசகத்தில் ‘ஷல்’ வருமிடத்தில் ‘ஆதல் வேண்டும்’, ‘செய்தல் வேண்டும்’ என்றும், ‘மே’ வருமிடத்தில் ‘செய்யலாம்’ என்றும் எழுதுவது மரபு. சட்டம் படியாத ஒருவர் ‘ஆதல் வேண்டும்’ என்பதை வாசித்தால், ‘இன்னும் ஆகவில்லை, ஆக வேண்டுமென்று விரும்புகிறார்கள்’ என்று நினைப்பார். ஆங்கில மூலத்தில் அப்பொருள் இல்லை. ‘ஷல் பீ’ என்பது இங்கே யாருக்கும் இடுகின்ற ஏவலுமன்று, வேண்டுகோளுமன்று. ‘இன்று முதல் இதுவே நிலை’ என்று நாட்டுகின்ற பிரகடனம். இலக்கணம் நிலைநாட்டியதைக் கந்தோர்ப் படிவங்கள் எவ்வளவு தூரம் நிலைநாட்டியிருக்கின்றன என்பது இலக்கணத்துக்குப் புறம்பான கேள்வி; அதைப் பற்றி வேறொரு நாள் வேறொருவர் பேசட்டும்.

‘மே’ என்றால் எப்போதும் விருப்பம்தானா என்பதும் நீதிமன்றங்களில் வாதிக்கப்பட்டதுண்டு. 1880 இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஒரு வழக்கைத் தீர்த்தது. ஜூலியஸ் என்பவர் தம் ஊர்க் குருவானவரின் வழிபாட்டு முறைகளை விசாரிக்கும்படி ஒக்ஸ்போர்ட் பிஷப்பை முறைப்பாடு செய்து கேட்டார், பிஷப் மறுத்தார். விசாரணை நடத்துவது பிஷப்புக்குச் ‘சட்டமுறையானதாகும்’ என்று சட்டம் கூறியது. அப்படியானால் நடத்தியே ஆக வேண்டுமா என்பது வழக்கு. இத்தகைய சொற்கள் அதிகாரத்தைக் கொடுப்பன, கடமையை விதிப்பன அல்ல என்று சபை தீர்ப்பளித்தது. ஆனால் கொடுக்கப்பட்ட அதிகாரத்தின் நோக்கமும், அது யாருடைய நன்மைக்காகக் கொடுக்கப்பட்டது என்பதும், சில வேளைகளில் அந்த அதிகாரத்தோடு கடமையையும் இணைத்துவிடும் என்று கேர்ன்ஸ் பிரபு விளக்கினார். இன்றும் அதிகாரி ஒருவர் ‘சட்டம் ‘மே’ என்றுதானே சொல்கிறது’ என்று கையை விரிக்கும்போது வழக்கறிஞர்கள் இந்தத் தீர்ப்பைத்தான் தேடுகிறார்கள். ‘ஷல்’லுக்கும் அதன் தொல்லைகள் உண்டு. அது பல பொருளில் வழங்கப்பட்டுக் குழப்பம் மிகுந்தமையால் தென்னாபிரிக்கா தன் 1996 ஆம் ஆண்டு அரசியலமைப்பில் கட்டளைக்கு ‘மஸ்ற்’ என்றே எழுதிற்று. அமெரிக்க சமஷ்டி நீதிமன்றங்களின் சிவில் நடைமுறை விதிகளை 2007 இல் திருத்தி எழுதியவர்களும் ‘ஷல்’லை எடுத்துவிட்டார்கள்.

சட்டத்தை விட்டுச் சாதாரணக் கடிதத்துக்கு வருவோம். ‘ஷுட் யூ விஷ் ரு அப்பீல், யூ மே டூ சோ விதின் போற்ரீன் டேய்ஸ்’ என்று கந்தோரிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. ‘ஷுட்’ என்றால் ‘வேண்டும்’ என்று மனப்பாடம் செய்த இளைஞன், ‘நீங்கள் மேன்முறையீடு செய்ய வேண்டுமாம்’ என்று தகப்பனாருக்குச் சொல்கிறான். தகப்பனார் யார் யாரையோ கண்டு, காசு செலவழித்து அலைகிறார். அல்லது, ‘விதி இதுதான், நாம் என்ன செய்வது’ என்று கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட, பதினான்கு நாளும் கழிந்துவிடுகிறது. வாக்கியத்தின் தலையிலே எழுவாய்க்கு முன் வருகின்ற இந்த ‘ஷுட்’ கடமையைச் சொல்வதன்று. ‘இஃப்’ என்ற சொல்லை நீக்கி, அதன் இடத்திலே இதை வைத்திருக்கிறார்கள். ‘மேன்முறையீடு செய்ய நீர் விரும்பினால்’ என்பது பொருள். ‘ஹாட் ஐ நோன்’, ‘வேர் ஹீ ரு கம்’ என்பனவும் இந்தக் குடும்பம். கேள்விக்குறியில்லாத வாக்கியம் துணைவினையோடு தொடங்கினால், அங்கே ‘ஆல்’ என்னும் எச்சம் ஒளிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ‘மே’யாக இருந்தால் அது வாழ்த்தா என்று பாருங்கள்.

‘யூ மே பீ கோல்ட் ஃபோர் அன் இன்ரவியூ’ என்று வருகின்ற கடிதமும் இப்படியே. ‘நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கப்படுவீர்’ என்று அதற்குப் பொருள் கொண்டு, கையிலிருக்கும் வேலையை விட்டுவிடலாகாது. அழைக்கவும் கூடும், அழையாமல் விடவும் கூடும். அதிலே ‘வில்’ இருந்தால் மாத்திரம் சட்டைக்கு இஸ்திரி போடலாம்.

கடைசியாக, நாமே கடிதம் எழுதும்போது. உதவி கேட்பதற்கு ‘கான் யூ’ என்பது தோழனுக்கு. ‘குட் யூ’, ‘வுட் யூ’ என்பன அறிமுகமில்லாதவருக்கும் மேலோருக்கும். இறந்தகால வடிவம் ஏன் பணிவாகிறது? கேட்பதை ஓரடி பின்னே தள்ளி வைத்து, மறுப்பதற்கு அவருக்கு வழிவிடுவதனால். நாம் ‘வாரும்’ என்பதை விடுத்து ‘வந்தால் நல்லது’ என்று இறந்தகாலம் கலந்து சொல்வதும் அந்த மரியாதைதான். பழைய விண்ணப்பங்களின் இறுதியிலே ‘ஐ ஷுட் பீ கிறேற்புல் இஃப் யூ வுட்’ என்று ஒரு தொடர் இருக்கும். அதைப் பார்த்துச் சில பிள்ளைகள் ‘நான் நன்றியுடையவனாக இருக்க வேண்டும்’ என்று பொருள் எழுதுகிறார்கள். அந்த ‘ஷுட்’டில் கடமை கிடையாது, தன்மையிடத்தில் ‘வுட்’டுக்குப் பதிலாக வந்த பழைய வழக்கு, வாலிஸ் சொன்ன விதியின் கடைசிச் சுவடு. ‘தாங்கள் இதைச் செய்வீர்களாயின் நன்றியுடையேனாவேன்’ என்பதே அதன் பொருள். இக்காலத்தில் ‘ஐ வுட் பீ கிறேற்புல்’ என்று எழுதினாலும் எவரும் குறை சொல்லார். அதன் பின்னே வருகின்ற இரண்டாவது ‘வுட்’டை மட்டும் ‘வில்’ ஆக்கிவிடாதீர்கள்.